முன்னோர் பட்ட கடன்

எங்கள் பங்கில் வாரந்தோறும் கூடும் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டத்தில், ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்த கணக்கை வாசித்து முடித்த பின், சற்று நேரம் நாட்டு நடப்பையும் திருச்சபைச் செய்திகளையும் பேசிக் கொண்டிருப்பது வழக்கம். 2022ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திருத்தந்தை பிரான்சிஸ், நடக்க இயலாத நிலையிலும் சக்கர நாற்காலியில் கனடா நாடு சென்று, திருச்சபையினர் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அந்நாட்டின் பூர்வகுடிப் பிள்ளைகள் பட்ட துன்பங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் பேச்சு அதைப் பற்றியதாக இருந்தது. எங்களுள் மூத்தவரான பெரியவர் ஒருவர் கைத்தடியைத் தரையில் ஊன்றியபடி என்னைப் பார்த்துக் கேட்டார்: "செய்தவன் செத்துப் போனான். பட்டவனும் செத்துப் போனான். நடுவில் நின்று மன்னிப்புக் கேட்பதற்கு நாம் யார், வாத்தியாரே? கேட்டாலும் கொடுப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?"

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. கனடாவில் துன்பப்பட்டவர்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது கேள்விக்கு விடையாகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏனெனில் அவர் கேட்டது கனடாவை மட்டும் பற்றியதன்று. செய்தவரும் பட்டவரும் முற்றிலும் மறைந்துவிட்ட பழம்பாவங்களுக்குத் திருச்சபை மன்னிப்புக் கேட்பது முறையா என்பதே அவர் கேள்வி. அப்படிப்பட்ட பாவங்களுள் மிகப் பெரியது அடிமை முறை. ஆகவே எளிதான வழக்கை விட்டுவிட்டுக் கடினமான வழக்கையே எடுத்துக் கொள்வோம்.

வட அமெரிக்காவின் மேரிலாந்து பகுதியில் இயேசு சபைக் குருக்களுக்குப் பரந்த புகையிலைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்கள் கறுப்பின அடிமைகள். அவர்களைப் பிற சமயத்தார் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் திருமுழுக்குப் பெற்றவர்கள். தங்களை உடைமையாகக் கொண்டிருந்த குருக்களின் கைகளிலிருந்தே நற்கருணை உட்கொண்டவர்கள். 1789இல் தொடங்கப்பட்ட ஜார்ஜ்டவுன் கல்லூரி கடனில் மூழ்கியிருந்த காலத்தில், 1838ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அம்மாநிலத் தலைவராயிருந்த தாமஸ் மலெடி அடிகளார் 272 பேரை லூயிசியானா நாட்டுத் தோட்ட முதலாளிகள் இருவருக்கு 1,15,000 டாலருக்கு விற்றார். வாங்கியவருள் ஒருவர் அந்நாட்டின் முன்னாள் ஆளுநர். முன்பணமாக வந்த 25,000 டாலரில் 17,000 டாலர் கல்லூரிக் கட்டடக் கடனுக்குப் போயிற்று.

பழைய காலத்தவரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் இந்த வழக்கில் அக்காலத்து அளவுகோலே நம் கையில் கிடைக்கிறது. உரோமையிலிருந்த இயேசு சபையின் உலகத் தலைவர் ரூத்தான் அடிகளார், 1836இல் விற்பனைக்கு அனுமதி அளித்தபோது சில நிபந்தனைகளை விதித்தார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது. அவர்கள் தங்கள் கத்தோலிக்க விசுவாசத்தைத் தொடர்ந்து கடைப்பிடிக்க வழி இருக்க வேண்டும். வரும் பணத்தைக் கடன் அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. இந்த நிபந்தனைகள் மீறப்பட்டன. மேரிலாந்திலேயே இவ்விற்பனையை எதிர்த்த குருக்களும் இருந்தனர். மறு ஆண்டு மலெடி அடிகளார் உரோமைக்கு அழைக்கப்பட்டார். தாங்கள் செய்தது என்னவென்று அக்காலத்தவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை. விற்கப்பட்டவர்களோ தொடக்கம் முதலே அறிந்திருந்தார்கள். அவர்களுள் சிலர் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். காலத்தின் அளவுகோல் என்று நாம் பேசும்போது, ஏனோ அவர்களுடைய அளவுகோலைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

1839 டிசம்பரில், அதாவது விற்பனை நடந்த ஒன்றரை ஆண்டுக்குள், திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வாணிகத்தைக் கடுமையாகக் கண்டித்துத் திருமடல் எழுதினார். அம்மடல் கடல்கடந்த அடிமை வாணிகத்தைத்தான் கண்டிக்கிறது, வீட்டில் வைத்திருக்கும் அடிமைகளைப் பற்றியதன்று என்று சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலாந்து விளக்கம் எழுதினார். கற்றறிந்த ஆயர் அவர். கற்றவர்களுக்கு இவ்வித விளக்கங்கள் எளிதில் வந்துவிடுகின்றன.

விற்கப்பட்டவர்களுள் கொர்னேலியுஸ் ஹாக்கின்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன். கப்பலில் ஏற்றப்பட்டு லூயிசியானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பருத்தித் தோட்டங்களுக்கும் சென்றவர்களுள் அவனும் இருந்தான். அங்கே அருகில் ஆலயம் இல்லை. 1848இல் அவர்களைக் கண்டு வந்த குரு ஒருவர், அந்த மக்களுக்கு ஓர் ஆலயம் எழுப்பப் பணம் அனுப்புமாறு மலெடி அடிகளாருக்கே கடிதம் எழுதி இரந்தார். கொர்னேலியுஸ் 1902இல் இறந்தார். மாரிங்குவின் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறையில் அவர் கல்லறை இருக்கிறது. குருக்கள் அவரை விற்றார்கள். அவர் திருச்சபையை விடவில்லை. அவருடைய வழிவந்தவர்களுள் பலர் இன்றும் கத்தோலிக்கர். 2016இல் ஒரு நாளேடு இவ்வரலாற்றை விரிவாக வெளியிட்டபோதுதான், தங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும், தாங்கள் செபித்து வந்த அதே திருச்சபையின் குருக்களே அவர்களை விற்றவர்கள் என்பதையும் அந்த வழித்தோன்றல்கள் பலர் அறிந்தனர்.

2017 ஏப்ரல் 18ஆம் நாள் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு வழிபாடு நடந்தது. இயேசு சபையின் சார்பில் அருட்தந்தை திமோத்தி கெசிக்கி, தங்கள் சபை பெரும் பாவம் செய்தது என்று அம்மக்கள் முன்னிலையில் அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்டார். மலெடியின் பெயர் தாங்கிய கட்டடத்திற்கு, விற்பனைப் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருந்த ஐசக் ஹாக்கின்ஸ் என்பவரின் பெயர் சூட்டப்பட்டது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். செய்யாதவர் மன்னிப்புக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

மறைநூலைத் திறந்தால் இங்கே இரு குரல்கள் கேட்கின்றன. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, பாவம் செய்தவனே அதற்குப் பொறுப்பாளி என்று எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தில் ஆணித்தரமாகச் சொல்கிறார். பெரியவரின் கட்சி அதுதான். ஆனால் நெகேமியா எருசலேமின் மதில்கள் இடிந்து கிடப்பதைக் கேள்வியுற்று அழுதபோது, தன் பாவத்தையும் தன் தந்தையர் வீட்டாரின் பாவத்தையும் சேர்த்தே இறைவனிடம் அறிக்கையிடுகிறார். தானியேலும் அவ்வாறே செய்கிறார். அவர்கள் எசேக்கியேலை மறுக்கவில்லை. தந்தையரின் குற்றத்திற்காகத் தங்களுக்குத் தண்டனை வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த மக்களுள் நாங்களும் இருக்கிறோம் என்று ஒப்புக் கொள்கிறார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது இறையியல் நூல் அன்று, என் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

என் பாட்டனார் ஊரில் மதிப்புப் பெற்றவர். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்துப் பழைய பெட்டியைக் குடைந்தபோது, அயல் வீட்டுக்காரர் ஒருவரிடம் முந்நூறு ரூபாய் கடன் வாங்கியதாக அவர் கைப்படக் குறித்து வைத்திருந்த தாள் ஒன்று என் தந்தைக்குக் கிடைத்தது. அப்போது 1962ஆம் ஆண்டு; எனக்குப் பத்து வயது. கடன் கொடுத்தவரும் இறந்துவிட்டிருந்தார். சட்டப்படி அந்தக் கடன் எப்போதோ காலாவதியாகிவிட்டது. இருந்தும் என் தந்தை பணத்தைப் புரட்டிக் கொண்டு, என் கையையும் பிடித்துக் கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அவருடைய மனைவி திண்ணையில் இருந்தார். பணத்தைப் பார்த்து அவர் கை நீட்டவில்லை. "பணம் இருக்கட்டும், தம்பி. வாங்கவே இல்லை என்று உங்கள் அய்யா ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரைப் பொய்யன் என்று பேசினார்கள். அவர் அப்படியே செத்தார். வாங்கியது உண்மை என்று என் பிள்ளைகள் கேட்க ஒரு வார்த்தை சொல்" என்றார். அவர் மக்கள் வந்து நின்றார்கள். என் தந்தை சொன்னார். அதன் பிறகே அந்த அம்மையார் பணத்தை வாங்கிக் கொண்டார்.

என் தந்தை பொய் சொன்னவர் அல்லர். பாட்டனாரின் பொய்க்கு அவர் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேவையில்லை. ஆயினும் பாட்டனாரின் இரண்டு ஏக்கர் நிலம் அவருக்கு வந்திருந்தது. ஊரில் பாட்டனாருக்கு இருந்த மதிப்பும் அவருக்கு வந்திருந்தது. நிலத்தையும் மதிப்பையும் வாங்கிக் கொண்டு கடனை மட்டும் கல்லறையில் புதைப்பது நேர்மையன்று என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். இன்னொன்று, அந்த வார்த்தையைச் சொல்ல அன்று உலகில் தகுதியுடையவராக இருந்தவர் அவர் ஒருவரே. நான் சொல்லியிருந்தால் சிறுபிள்ளைப் பேச்சு. ஊரார் சொல்லியிருந்தால் வம்பு.

திருச்சபையின் நிலையும் இதுவே என்று கருதுகிறேன். நாம் வேறு எவரையும்விடப் பரம்பரையைப் பெரிதாகப் பேசுகிறவர்கள். புனித சவேரியாரை நம் சவேரியார் என்கிறோம். அருளானந்தரின் இரத்தம் நம் மண்ணில் சிந்தியது என்று பெருமை கொள்கிறோம். இறந்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் ஒரே உடல் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். ஜார்ஜ்டவுன் எங்கோ இருக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டா. 1836இல் அடிமைகளை விற்கக் கையெழுத்திட்ட அதே ரூத்தான் அடிகளார்தாம், 1837இல் பிரெஞ்சுக் குருக்களை நம் மதுரை மறைப்பணிக்கு அனுப்பியவர். அவர்கள் வழியாகவே 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றிப் பின்னர் 1883இல் திருச்சிக்கு இடம் மாறிய புனித வளனார் கல்லூரி நமக்குக் கிடைத்தது. அந்தக் கையெழுத்தின் நன்மையை நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உண்டிருக்கிறார்கள். ஒரே கை எழுதிய இரு கடிதங்களுள் ஒன்றை நம்முடையது என்றும் மற்றதை யாரோ எழுதியது என்றும் எப்படிச் சொல்வது?

பிரிந்த சபையாரைப் பார்த்து நாம் ஆறுதல் கொள்ளவும் வழியில்லை, அவர்கள் நம்மைப் பார்த்து ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்த எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்க மறைபரப்புச் சங்கத்திற்குப் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் தோட்டம் சொந்தமாயிருந்தது. அங்கே அடிமைகளின் மார்பில் 'சங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, 411 அடிமைகளை இழந்ததற்காக அச்சங்கத்திற்கு 8,823 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இங்கிலாந்துத் திருச்சபை 2006இல் மன்னிப்புக் கேட்டது. அச்சங்கத்தின் வழிவந்த அமைப்பு 2023இல் பார்படோசில் எழுபது இலட்சம் பவுண்டு செலவில் ஈடுசெய்யும் திட்டம் ஒன்றை அறிவித்தது. முன்னது சொல், பின்னது அதன் விலை. இரண்டுக்குமிடையே பதினேழு ஆண்டுகள்.

மன்னிப்புக் கேட்பதை எதிர்ப்போரின் வாதங்களுள் ஒன்று மட்டும் என்னை உண்மையாகவே கலங்க வைக்கிறது. பிறர் பாவத்திற்கு வருந்துவது எளிது. அதில் நம்மை நாமே உயர்த்திக் கொள்ளும் சுகம் ஒன்று உண்டு. நம் ஆண்டவரே இதைக் கண்டித்திருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் இருபத்து மூன்றாம் அதிகாரத்தில், இறைவாக்கினரின் கல்லறைகளை அழகுபடுத்திவிட்டு, எங்கள் மூதாதையர் காலத்தில் நாங்கள் இருந்திருந்தால் இக்கொலைகளுக்கு உடன்பட்டிருக்க மாட்டோம் என்று சொல்லிக் கொண்டவர்களை அவர் எப்படிச் சாடுகிறார் என்று வாசித்துப் பாருங்கள். 1838இல் நான் மேரிலாந்தில் குருவாக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று எந்தத் துணிவில் சொல்வேன்? கல்லூரி மூடப்படும் நிலை, கடன்காரர் வாசலில், சட்டம் அனுமதிக்கிறது, உலகத் தலைவரின் ஒப்புதலும் கையில் இருக்கிறது. நான் போட்டிருப்பேன் என்றே அஞ்சுகிறேன். இந்த அச்சம் இல்லாமல் கேட்கப்படும் மன்னிப்பு, கல்லறைக்கு வெள்ளையடிப்பதுதான்.

அதனால்தான் நம் மரபு மனத்துயரை மட்டும் நம்பி நிற்பதில்லை. உத்தம மனஸ்தாபம், பாவசங்கீர்த்தனம், அபராதம் என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அந்த மூன்றாவதை எண்ணிப் பாருங்கள். திருடியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவனுக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று உபதேசியார் அடித்துச் சொல்வார். சக்கேயு ஆண்டவரிடம் தான் வருந்துவதாகச் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றதைத்தான் எழுதுகிறார். 2017ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் வழிபாட்டில் விற்கப்பட்டோரின் வழித்தோன்றலாகப் பேசிய பெண்மணியும், கடவுளின் கட்டளையை மீறியவர்க்கு அபராதம் கட்டாயம் என்பதைத்தான் நினைவூட்டினார். தன்னை விற்றவர்களின் ஞானோபதேசத்தையே அவர்களுக்குத் திருப்பிச் சொன்னார். 2021இல் இயேசு சபையினர் பத்துக் கோடி டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தனர். பணம் வந்து சேர்வது மிக மெதுவாக இருக்கிறது என்று வழித்தோன்றல்கள் 2022இல் வெளிப்படையாகவே குறைப்பட்டார்கள். இதற்கிடையில் 2019இல் அப்பல்கலைக்கழக மாணவர்கள், ஒவ்வொரு பருவத்துக்கும் தாங்கள் 27 டாலர் 20 சென்ட் கூடுதலாகக் கட்ட ஆயத்தம் என்று பெரும்பான்மையாக வாக்களித்தனர். 272 பேர் நினைவாக அந்தத் தொகை. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள்.

கேட்டாலும் கொடுப்பது யார் என்று பெரியவர் கேட்டதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. கொர்னேலியுசுக்காக அவருடைய பேரப்பிள்ளைகளும் மன்னித்துவிட முடியாது. அதை உணர்ந்தே, 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களை அறிக்கையிட்டபோது, கடவுளிடமே மன்னிப்பு வேண்டினார். அவர் 1992இல் ஆப்பிரிக்காவின் கோரே தீவுக்குச் சென்று, அடிமைகள் கப்பலேற்றப்பட்ட இடத்தில் நின்றபோதும் விண்ணகத்தை நோக்கியே மன்றாடினார். மன்னிப்பு ஒரு கொடை. கேட்பவனுக்கு அது கிடைத்தே தீர வேண்டும் என்ற உரிமை கிடையாது. என் தந்தையும் அன்று அந்த அம்மையாரிடம் மன்னிப்பை எதிர்பார்த்துப் போகவில்லை. அவர் மன்னித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பணத்தை எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்து கொண்டார், அவ்வளவுதான்.

திருச்சபை புனிதமானதாயிற்றே, அது எப்படிப் பாவி ஆகும் என்ற கேள்வியும் உண்டு. புனிதமான தாயின் பிள்ளைகள் பாவிகள் என்று ஆவணங்கள் கவனமாகப் பிரித்துச் சொல்கின்றன. இறையியலறிஞர்க்கு அது தேவையான வேறுபாடுதான். ஆனால் விற்பனைப் பத்திரத்தில் தாயின் சார்பாகத்தானே பிள்ளைகள் கையெழுத்திட்டார்கள் என்று கொர்னேலியுசின் வழித்தோன்றல் ஒருவர் கேட்டால், வேறுபாடு அங்கே சற்று மெலிந்துதான் போகும். 1452இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ், சரசேனியரையும் பிற சமயத்தாரையும் நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துக்கல் அரசருக்கு அனுமதி அளித்த ஆணைமடலைத் திருச்சபையின் பெயரால்தான் எழுதினார். அத்தகைய மடல்கள் கத்தோலிக்க விசுவாசத்தின் வெளிப்பாடாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை என்று வத்திக்கான் 2023 மார்ச் 30ஆம் நாள் அறிவித்தது. அவை அரசியல் நோக்கத்திற்காகத் திரித்துப் பயன்படுத்தப்பட்டன என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. திரிக்க வேண்டிய அளவுக்கு அவை நேராக இருந்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

இவையெல்லாம் கடலுக்கு அப்பால் நடந்தவை. ஆகவே இவற்றுக்காக வருந்துவது நமக்கு எளிது. நம் பக்கத்திலும் கணக்கு உண்டு. வடக்கன்குளத்தில் ஆலயத்திற்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேற்றுமை நிலவுவதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நேர்முகமாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை உள்ளது என்பதைத் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக் கொண்டது. ஒப்புக் கொண்ட வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றின் விலையை ஒவ்வொரு பங்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் இடுப்பளவு உயரச் சுவர் ஒன்று உண்டு. 1974இல் கட்டியது. சுவருக்கு அப்பால் யாரைப் புதைப்பது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அனைவர்க்கும் தெரியும். அதைக் கட்டிய நாளில் பங்குப் பேரவையில் இருந்தவர்களுள் இன்று உயிரோடிருப்பவர் அந்தப் பெரியவர் ஒருவரே. நன்கொடைப் பட்டியல் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. அண்மையில் வேறு எதையோ தேடும்போது அதைப் பார்த்தேன். பதினொன்றாம் பெயர் என் தந்தையுடையது. ஐந்து ரூபாய்.

குறிப்பேட்டைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு நெடுநேரம் பார்த்தார். "செய்தவன் இன்னும் சாகவில்லை, வாத்தியாரே" என்றார். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்திற்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். சுவரை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் இரண்டாம் பகுதி. முதற்பகுதி, அப்பால் புதைக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் கேட்க யார் எழுந்து என்ன சொல்வது என்பது பற்றியது. அதைத்தான் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருக்கிறோம்.